8 கிராம் தோரியத்தில் டாக்சி ஓடுமா?

கேள்வி: ஐயா, நான் நாகர்கோவிலில் சொந்தமாக டாக்சி வைத்து ஓட்டுகிறேன். வயது 44. ஒரு நாளைக்குச் சராசரியாக 200 கி.மீ. ஓடும். சம்பாதிப்பதில் பெரும்பகுதி பெட்ரோல் பங்குக்கே போய்விடுகிறது. வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ பார்த்தேன். 8 கிராம் தோரியம் போட்டால் கார் ஆயுள் முழுக்க ஓடுமாம், புகையே வராதாம், அமெரிக்காவில் தயாராகிவிட்டதாம். அந்தத் தோரியம் எங்கள் மணவாளக்குறிச்சி மணலில் இருப்பது இந்தப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இப்போது என் மைத்துனர் மூலமாக ஒருவர் வந்து, 'அணுசக்தி கார் ஏஜென்சி' எடுக்க முன்பணம் ஒன்றரை லட்சம் கட்டச் சொல்கிறார். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகனோ, "நீர்மூழ்கிக் கப்பல் அணுசக்தியில ஓடுதே, கார் மட்டும் ஏன் ஓடாது?" என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பணம் கட்டலாமா? பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புத் தம்பிக்கு,

பணத்தை முதலில் பேசிவிடுவோம், மற்றது காத்திருக்கும். கட்டாதீர்கள். அப்படி ஒரு கார் அமெரிக்காவிலும் இல்லை, வேறெந்த நாட்டுச் சாலையிலும் இல்லை. வந்தவரிடம் இரண்டு காகிதம் மட்டும் கேளுங்கள். ஒன்று, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம். நம் நாட்டில் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே மெஷினுக்கே அந்த வாரியத்தின் அனுமதி வேண்டும். இரண்டாவது, புனேயில் இருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற ஒரு சோதனை அமைப்பு கொடுத்த வாகன ஒப்புதல் சான்று. அது இல்லாத மாடலை எந்த ஆர்.டி.ஓ. ஆபீசிலும் பதிவு செய்ய மாட்டார்கள். இரண்டும் அவரிடம் இருக்காது. மைத்துனர் ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால், போன் வழியாகவோ பேங்க் வழியாகவோ போயிருந்தால், இன்றைக்கே 1930 என்ற எண்ணில் புகார் சொல்லச் சொல்லுங்கள். நாளாக ஆகப் பணத்தைப் பிடிப்பது கஷ்டம். அவரைத் திட்ட வேண்டாம். பெட்ரோல் விலையில் நொந்துபோன எவருக்கும் இந்த ஆசை வரும்.

'ஏஜென்சி எடுத்தால் மணல் சப்ளை ஆர்டரும் உங்களுக்கே' என்று அவர் பேச்சை நீட்டினால் இன்னும் கவனமாக இருங்கள். தோரியம் உள்ள மோனசைட் என்ற தாதுவை அனுமதி இல்லாமல் எடுப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். ஒன்றரை லட்சம் நஷ்டத்தோடு அது நிற்காது.

சரி, இப்போது மகன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் கதிர்வீச்சுப் பாதுகாப்பு வேலையில் இருந்தவன் நான். அந்தக் கேள்வியை 'அதெல்லாம் நடக்காது' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அதற்குள் ஒரு பெரிய உண்மை இருக்கிறது.

அந்த 8 கிராம் கணக்கை நானே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். கணக்கு தப்பில்லை. ஒரு கிராம் யுரேனியம்-235 முழுக்கப் பிளந்தால் சுமார் 24,000 யூனிட் வெப்பம் கிடைக்கும். கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான். ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் 9 யூனிட் சொச்சம். ஆக, ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 2,500 லிட்டர் பெட்ரோல். உங்கள் வண்டி லிட்டருக்கு 16 கி.மீ. கொடுக்கிறது என்று வைத்தால் நாளைக்குப் பன்னிரண்டரை லிட்டர் செலவு. ஒரு கிராம் 200 நாள் ஓட்டும். 8 கிராமில் 1,600 நாள். தீபாவளி, பொங்கல்கூட லீவு எடுக்காமல் ஓட்டினாலும் நாலு வருஷத்துக்கு மேல், 3,20,000 கி.மீ. ஒரு டாக்சி உழைத்துத் தேய்வதற்கு அவ்வளவு தூரம் போதும். தோரியத்திலிருந்து கிடைக்கும் யுரேனியம்-233-க்கும் கணக்கு கிட்டத்தட்ட இதேதான். 8 கிராம் தோரியம் என்றால் ஒரு புளியங்கொட்டை அளவு இருக்கும். ஒரு புளியங்கொட்டையில் இத்தனை இருக்கிறது என்பதை முதன்முதலாகப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்கள் மகனுக்கும் வராமல் போகட்டும்.

ஆனால் எரிந்து தீரும் அளவு வேறு, எரிந்துகொண்டே நிற்க வேண்டிய அளவு வேறு. அடுப்பில் ஒரே ஒரு கரித்துண்டை வைத்து ஊதிப் பாருங்கள், அணைந்துவிடும். நாலைந்து துண்டு சேர்ந்திருந்தால்தான் ஒன்றின் சூட்டில் இன்னொன்று கனன்றுகொண்டிருக்கும். யுரேனியமும் அப்படித்தான். ஓர் அணு பிளக்கும்போது தெறிக்கும் நியூட்ரான் அடுத்த அணுவில் பட வேண்டும். பொருள் குறைவாக இருந்தால் நியூட்ரான் வெளியே ஓடிவிடும், தொடர்வினை அறுந்துவிடும். 8 கிராமை எப்படி வைத்தாலும் அது கனலாது.

தோரியத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அது ஈர விறகு. தீக்குச்சி கிழித்து வைத்தால் பிடிக்காது. ஏற்கெனவே எரிகிற அடுப்புப் பக்கத்தில் கிடந்து காய்ந்தால் அப்புறம் பிடிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் உலைக்குள் தோரியத்தை வைத்தால் நியூட்ரானை வாங்கிக்கொண்டு புரோட்டாக்டினியம் ஆகும். அதில் பாதி யுரேனியம்-233 ஆக மாறுவதற்கு 27 நாள் பிடிக்கும். அந்த யுரேனியம்-233தான் எரிபொருள். வீடியோவில் லேசர் பாய்ச்சித் தோரியத்தைப் பற்ற வைப்பதாகக் காட்டியிருப்பார்கள். 2011 வாக்கில் அமெரிக்காவில் ஒரு சிறிய நிறுவனம் சொன்னது அது. லேசர் பட்டால் தோரியம் சூடாகும்தான், எந்த உலோகமும் சூடாகும். லேசருக்குச் செலவழித்த கரண்டைவிட ஒரு யூனிட்கூட அதிகமாகத் திரும்பி வராது. கூடவே சுற்றுகிற அந்தப் பளபளக்கும் காரின் படம், 2009-ல் காடிலாக் பெயரில் வெளியான ஒரு கற்பனை வடிவம். ஓடுவதற்காகச் செய்த வண்டி இல்லை அது.

யுரேனியம்-233-ல் ஓடும் உலை ஒன்றைப் பார்க்க நீங்கள் அமெரிக்கா போக வேண்டாம். நம் கல்பாக்கத்திலேயே 'காமினி' என்று ஒரு சின்ன உலை இருக்கிறது. 1996 அக்டோபரில் முதலில் இயங்கியது. தோரியத்திலிருந்து எடுத்த யுரேனியம்-233 அதற்குள் சுமார் 600 கிராம் இருக்கிறது. அதன் முழுத் திறன் 30 கிலோவாட் வெப்பம். அந்த வெப்பத்தில் நாலில் ஒரு பங்கை நீங்கள் சக்கரத்துக்குக் கொண்டுவந்தால்கூட ஏழெட்டு கிலோவாட், ஒரு ஸ்கூட்டர் என்ஜின் அவ்வளவு இருக்கும். அந்த ஸ்கூட்டர் சக்தியை வைத்திருக்க ஒரு தொட்டித் தண்ணீர், அதைச் சுற்றிக் கான்கிரீட், ஒரு கட்டடம், ஒரு கட்டுப்பாட்டு அறை, பயிற்சி பெற்ற ஆட்கள். காமினியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ராக்கெட் உதிரிப் பாகங்களையும் அணு எரிபொருள் கம்பிகளையும் நியூட்ரானால் படம் எடுத்துப் பார்க்க உதவும் அருமையான கருவி அது. அதன் வேலை அது.

ஏன் அத்தனை கான்கிரீட்? இந்தக் கேள்வி என் தொழில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் குழாய் வெல்டிங்கைப் படம் எடுக்கும் ரேடியோகிராபி கேமராவோடு ஊர் ஊராகப் போயிருக்கிறேன். அதற்குள் இருக்கும் சோர்ஸ், அதாவது கதிர் விடும் பொருள், இரிடியம்-192, ஒரு மிளகு அளவு. கேமராவின் எடை 20 கிலோவுக்கு மேல். மிளகைத் தவிர மற்றதெல்லாம் கவசம்தான். ஈயத்தைவிடக் கனமானது என்பதால் கதிர் குறைந்த யுரேனியத்தையே கவசமாக வைத்திருப்பார்கள். ஜீப்பின் பின்பக்கத்தில் ஓர் இரும்புப் பெட்டி, அதற்குள் கேமரா, அதற்கு இரண்டு பூட்டு. டிரைவர் சீட்டில் கதிர் அளக்கும் சர்வே மீட்டரை வைத்து அளந்து, அளவை நோட்டில் எழுதிய பிறகுதான் வண்டி நகரும். டிரைவர் அண்ணன் வழியில் டீக்கடையில் நிறுத்துவார். எனக்கு டீ வண்டிக்கே வரும், ஏனென்றால் நான் இறங்கக் கூடாது. சோர்ஸ் இருக்கிற வண்டியை ஆள் இல்லாமல் விடக் கூடாது என்பது விதி. ஒரு மிளகுக்கு இந்தக் காவல்.

கவசத்தின் கணக்கு கொஞ்சம் விசித்திரமானது. மகனை இதை மட்டும் பேப்பரில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கோபால்ட்-60 விடுகிற காமா கதிர் 1.2 செ.மீ. ஈயத்தைத் தாண்டினால் பாதியாகும். இன்னொரு 1.2 செ.மீ. தாண்டினால் காலாகும். இப்படியே பாதி பாதியாகப் போகும். இப்போது கூடங்குளம் உலை ஒன்றை எடுங்கள். அதன் வெப்பத் திறன் 3,000 மெகாவாட். உங்கள் டாக்சி என்ஜின் 60 கிலோவாட் என்றால் அதற்கு 240 கிலோவாட் வெப்பம் தரும் உலை வேண்டும். 12,500 மடங்கு சின்னது. கவசமும் அந்த மாதிரி சுருங்கி, தகரம் போல ஆகிவிடும் என்றுதானே தோன்றும்? பாதிப் பாதிக் கணக்கில் 12,500 மடங்கு என்பது 14 அடுக்குகூட வராது. ஈயத்தில் 16 செ.மீ. மிச்சமாகும், அவ்வளவுதான். பெரிய நிலையத்தில் ஆட்கள் உலையிலிருந்து தள்ளி, சுவருக்கு அப்பால் வேலை செய்கிறார்கள். காரில் பயணி ஒரு மீட்டருக்குள் உட்கார்ந்திருப்பார். மிச்சமான 16 செ.மீ.யும் அதில் போய்விடும்.

எடை என்ன ஆகும்? உலையை எப்படியோ 60 செ.மீ. குறுக்களவுள்ள ஓர் உருண்டைக்குள் அடக்கிவிட்டோம், சுற்றிலும் 30 செ.மீ. ஈயம் வைத்தோம் என்று வையுங்கள். ஈயம் மட்டும் 9 டன். உங்கள் டாக்சியின் எடை ஒரு டன். அதுவும் காமா கதிருக்கு மட்டும்தான். நியூட்ரானை ஈயம் சரியாக நிறுத்தாது. அதற்குத் தண்ணீர், பாரபின் மெழுகு, பாலித்தீன் மாதிரி ஹைட்ரஜன் நிறைந்த பொருள் தனியாக, தடிமனாக வேண்டும். இதையெல்லாம் ஏற்றினால் அது பத்துச் சக்கர லாரி. லாரிக்கு 60 கிலோவாட் போதாது, உலையைப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினால் கவசமும் கூடும்.

இந்த யோசனை நேற்று வந்ததில்லை, தம்பி. 1953 டிசம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஐசனாவர் ஐ.நா. சபையில் 'அமைதிக்கு அணு' என்று பேசினார். 1955 ஜனவரியில் 'நாட்டிலஸ்' நீர்மூழ்கி அணுசக்தியில் கடலில் ஓடத் தொடங்கியது. அந்தச் சூட்டோடு, 1957-58 வாக்கில் ஃபோர்டு கம்பெனி 'நியூக்ளியான்' என்று ஒரு கார் மாதிரியைக் காட்டியது. முன்னால் மிகவும் ஒடுங்கிய கேபின், பின்னால் இரண்டு கைகளுக்கு நடுவே தொங்குகிற மாதிரி உலை வைக்கும் கூடு. ஒரு தடவை எரிபொருள் போட்டால் 8,000 கி.மீ., அப்புறம் பங்கில் கூட்டைக் கழற்றி வேறு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். உலை சின்னதாகும், கவசம் இலேசாகும் என்று நம்பித்தான் வரைந்தார்கள். இரண்டும் ஆகவில்லை. உண்மை அளவில் எட்டில் மூன்று பங்குள்ள அந்தப் பொம்மை இன்றும் டியர்பார்ன் ஊரில் ஹென்றி ஃபோர்டு மியூசியத்தில் இருக்கிறது. அதற்குள் உலை ஒருநாளும் இருந்ததில்லை. பிரான்சில் சிம்கா கம்பெனியும் அப்போது 'ஃபுல்குர்' என்று ஒன்றைக் காட்டியது. அதுவும் காட்சியோடு சரி.

விமானத்தில் முயன்றவர்கள் இன்னும் தூரம் போனார்கள். 1955-லிருந்து 1957 வரை அமெரிக்காவில் என்.பி.-36எச் என்ற ராட்சதக் குண்டுவீச்சு விமானத்தில் ஓடுகிற அணு உலையையே ஏற்றி 47 தடவை பறந்தார்கள். உலை விமானத்தை ஓட்டவில்லை, கவசம் தாங்குமா என்று பார்க்க மட்டும்தான். விமானிகளின் அறையை ஈயமும் ரப்பரும் வைத்து மூடியதிலேயே 11 டன் ஆயிற்று. எங்காவது விழுந்தால் அந்த இடத்தைச் சுற்றி வளைக்க ஆயுதம் ஏந்திய வீரர்களோடு இன்னொரு விமானம் கூடவே பறந்தது. பதினைந்து வருஷ ஆராய்ச்சி, நூறு கோடி டாலர் அளவுக்குச் செலவு. 1961-ல் கென்னடி அதை நிறுத்தினார். என்னைக் கேட்டால், அவர் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று.

அப்படியென்றால் நீர்மூழ்கி மட்டும் எப்படி ஓடுகிறது? அதற்கு எடை ஒரு பாரமில்லை. நம் 'அரிஹந்த்' சுமார் 6,000 டன். அதில் நூற்றுக்கணக்கான டன் கவசம் போனாலும் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். சூட்டை இறக்கி வைக்கச் சுற்றிலும் கடல் இருக்கிறது. ராத்திரி பகல் ஷிப்ட் போட்டு உலையைப் பார்க்க, வருஷக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் மேலே வராமல் இருக்க வேண்டிய தேவையும் அதற்குத்தான் இருக்கிறது. சரக்குக் கப்பலுக்கே இது கட்டுப்படியாகவில்லை. 'சவன்னா' என்று ஓர் அழகான அணுசக்தி வணிகக் கப்பலை அமெரிக்கா 1959-ல் நீரில் இறக்கியது. செலவு தாங்காமல் 1970-களின் தொடக்கத்தில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

கவசப் பிரச்சினை நாளைக்கே தீர்ந்தாலும் என் பயம் போகாது. அதற்கு இரண்டு காரணம் இருக்கிறது.

நீங்கள் ராத்திரி வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திச் சாவியை எடுத்தால் என்ஜின் நின்றுவிடும், அரை மணியில் போனட் ஆறிவிடும். அணு உலைக்குச் சாவி அப்படி வேலை செய்யாது. தொடர்வினையை நிறுத்தினாலும், பிளந்து கிடக்கிற துண்டுகள் சிதைந்து சிதைந்து சூடு விட்டுக்கொண்டே இருக்கும். நாள் முழுக்க முழு வேகத்தில் ஓடிய 240 கிலோவாட் உலை நின்ற கணத்தில் அதில் பதினைந்து கிலோவாட் போல இன்னும் வந்துகொண்டிருக்கும். ஒரு மணி நேரம் கழித்தும் இரண்டு கிலோவாட் போல. நீங்கள் சாப்பிட்டுப் படுத்த பிறகு வாசலில் ஒரு கீசர் அணையாமல் எரிகிற மாதிரி. அந்தச் சூட்டை எடுத்துச் செல்ல பம்ப் ஓட வேண்டும், தண்ணீர் சுற்ற வேண்டும். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவில் நடந்ததன் மூலம் இதுதான். நிலநடுக்கம் வந்ததும் உலைகள் ஒழுங்காக நின்றுவிட்டன. அப்புறம் சுனாமி வந்து பம்புகளுக்குக் கரண்ட் போனது. மிச்சச் சூட்டிலேயே எரிபொருள் உருகியது. அது பெரிய நிலையம். கார் உலை அந்த அளவுக்கு எதுவும் செய்யாது என்பது உண்மை. ஆனால் குடை சாய்ந்து பள்ளத்தில் கிடக்கிற காரில் பம்பை யார் பார்ப்பது? ஆரல்வாய்மொழிப் பக்கம் ராத்திரி விபத்து நடந்தால் முதலில் ஓடிவருவது யார் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்து டீக்கடைக்காரர், பின்னால் வந்த லாரி டிரைவர். கதவை நெம்பி ஆளை வெளியே இழுக்கிற அந்தக் கைகளிடம் நான் 'மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடு' என்று சொல்ல முடியுமா?

இன்னொரு காரணம் காயலான் கடை. எந்தக் கார் என்றாலும் கடைசியில் அங்கேதான் போகிறது. எட்டு கிராம் பிளந்து தீர்ந்த உலையில் பலவகைக் கழிவு இருக்கும். அதில் கதிர் விடும் சீசியம்-137 மட்டும் கால் கிராமுக்கு மேல் இருக்கும். சொல்லும்போது கால் கிராம்தான். 1987-ல் பிரேசிலில் கோயானியா என்ற ஊரில், மூடிக் கிடந்த ஒரு சிகிச்சை நிலையத்திலிருந்து பழைய புற்றுநோய்ச் சிகிச்சைக் கருவியை இரண்டு பேர் எடுத்து வந்து உடைத்து, பழைய இரும்புக் கடையில் விற்றார்கள். உள்ளே இருந்த சீசியம் பொடி இருட்டில் நீலமாக ஒளிர்ந்தது. அழகாக இருக்கிறதே என்று கடைக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொந்தக்காரர்களுக்குப் பங்கு கொடுத்தார். ஆறு வயதுக் குழந்தை ஒன்று அந்தக் கையாலேயே சாப்பிட்டது. அந்தக் குழந்தையோடு சேர்த்து நாலு பேர் இறந்தார்கள். 1,12,000 பேரை ஸ்டேடியத்தில் வரிசையில் நிறுத்திச் சோதித்தார்கள். 249 பேரின் உடலிலோ உடையிலோ சீசியம் ஒட்டியிருந்தது. நான் கணக்குப் போட்டுப் பார்த்த வரையில், ஐம்பது அறுபது பழைய அணு டாக்சியில் இருக்கும் சீசியத்தைச் சேர்த்தால் கோயானியாவில் உடைந்த அளவு வந்துவிடும். நாகர்கோவில் டாக்சி ஸ்டாண்டுகளில் அதைவிட அதிக வண்டி நிற்கும்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரியில், ஏலத்தில் போன ஒரு பழைய ஆய்வகக் கருவிக்குள் கோபால்ட்-60 இருந்தது. பழைய இரும்புத் தொழிலாளர்கள் அதை வெட்டினார்கள். ஒருவர் உயிரிழந்தார், மற்றவர்கள் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். வெட்டியவர் தப்பு செய்ததாக நினைத்தவர் இல்லை. அந்தச் செய்தி வந்த வாரம் முழுக்க எங்கள் ஆபீசில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒவ்வொரு சோர்ஸுக்கும் ஒரு நம்பர், ஒரு பதிவேடு, ஒரு பொறுப்பாளர் என்று வைத்தும் ஒன்று தப்பிப் போனது. லட்சக்கணக்கான காருக்கு, கைமாறிக் கைமாறி மூன்றாவது ஓனர், நான்காவது ஓனர் என்று போகிற காருக்கு, அந்தப் பதிவேட்டை யார் எழுதுவார்?

மகனிடம் ஒரு நல்ல செய்தியும் சொல்லுங்கள். அணுசக்தியில் ஓடும் கார் நிஜமாகவே இருக்கிறது, செவ்வாய்க் கிரகத்தில். 2012 ஆகஸ்டில் இறங்கிய 'கியூரியாசிட்டி' கிட்டத்தட்ட உங்கள் டாக்சி எடைதான், 900 கிலோ. அதன் முதுகில் 4.8 கிலோ புளூட்டோனியம் டை ஆக்சைடு இருக்கிறது. அது உலை இல்லை, பிளப்பதில்லை. தானாகச் சிதையும் புளூட்டோனியம்-238-ன் சூட்டை நேரடியாகக் கரண்டாக மாற்றுகிறார்கள். அதன் முக்கியக் கதிர் எளிதில் தடுக்கக்கூடிய ஆல்ஃபா என்பதால் பெரிய கவசம் வேண்டாம், பம்ப் வேண்டாம், அசையும் பாகமே கிடையாது. வெயிலோ தூசிப் புயலோ, ராத்திரியோ பகலோ, வேலை நிற்காது. கிடைக்கும் கரண்ட் ஆரம்பத்தில் 110 வாட். வீட்டில் ஒன்றரை மின்விசிறிக்கு வரும். சமதரையில் அதன் அதிகபட்ச வேகம் விநாடிக்கு 4 செ.மீ. முதல் பத்து வருஷத்தில் அது ஓடிய தூரம் சுமார் 29 கி.மீ.; நீங்கள் கன்னியாகுமரிக்கு ஒரு சவாரி போய்த் திரும்புகிற தூரம்கூட இல்லை. ஆனால் அந்த 29 கி.மீ.யில் அது கண்டுபிடித்ததெல்லாம் உங்கள் மகன் படிக்க வேண்டியவை. பக்கத்தில் மனிதர் இல்லாத, பெட்ரோல் பங்கும் இல்லாத இடத்துக்கு அந்த வண்டி கச்சிதமாகப் பொருந்துகிறது.

மனிதர் இருக்கிற இடத்தில் நான் சொல்லும் வழி இது: உலை ஒரே இடத்தில், காவலோடு, கண் மூடாத ஆட்களோடு இருக்கட்டும். அதன் சக்தி கம்பி வழியாகக் காருக்கு வரட்டும். கூடங்குளத்தில் 1,000 மெகாவாட் அலகு இரண்டு ஓடுகின்றன. ஓர் அலகு ஒரு நாள் முழுத் திறனில் ஓடினால் 2.4 கோடி யூனிட். இடையில் நிற்பது, வழியில் வீணாவது என்று மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள், 1.6 கோடி மிஞ்சும். ஓர் எலெக்ட்ரிக் கார் கி.மீ.க்கு 0.15 யூனிட் குடித்தால், நாளைக்கு 40 கி.மீ. போகும் 26 லட்சம் கார்களை அந்த ஓர் அலகு ஓட்டும். பிரான்சில் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு அணு உலையிலிருந்து வருகிறது. அங்கே எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர் ஓட்டுவது ஏறக்குறைய யுரேனிய கார்தான், டிக்கியில் கவசம் இல்லாமல்.

கூடங்குளம் என்றதும் உங்களுக்கு இடிந்தகரைப் போராட்டம் ஞாபகம் வரலாம். 2011, 2012-ல் அந்த மக்கள் கேட்ட கேள்விகள் சாதாரணக் கேள்விகள் இல்லை. கடல் என்ன ஆகும், எரிந்து தீர்ந்த எரிபொருளை எங்கே, எத்தனை வருஷம் வைப்பீர்கள் என்று கேட்டார்கள். என் துறைக்காரர்கள் அதற்கு இன்னும் பொறுமையாக, இன்னும் திறந்த மனதோடு பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். ஒரே இடத்தில் வேலி போட்டு வைத்திருக்கும் உலைக்கே இத்தனை கேள்வி நியாயம் என்றால், தெருத் தெருவாக அலையும் உலையைப் பற்றி என்ன சொல்வது?

உங்கள் வண்டிக்கு வருகிறேன். நான் கார் வியாபாரி இல்லை, உங்கள் கணக்கை உங்களோடு சேர்ந்து போடுகிறேன். இப்போது நாளைக்குப் பன்னிரண்டரை லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 1,250. அதே 200 கி.மீ.க்கு எலெக்ட்ரிக் காருக்கு 30, 32 யூனிட் ஆகும். வெளியில் சார்ஜ் போட்டு யூனிட்டுக்கு 18 ரூபாய் கொடுத்தாலும் 600-க்குள் முடியும். வீட்டில் போட்டால் இன்னும் குறையும். வித்தியாசம் பெரிதுதான். ஆனால் வண்டி விலை அதிகம், கடனுக்கு வட்டி இருக்கிறது, சவாரி நடுவில் சார்ஜுக்காக நிற்கும் நேரம் இருக்கிறது. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு நீங்கள் தினமும் போகிறவர் என்றால் அந்த வழியில் எத்தனை சார்ஜர் நிஜமாக வேலை செய்கிறது என்று இரண்டு நாள் பார்த்து எழுதுங்கள். ஏற்கெனவே எலெக்ட்ரிக் வண்டி ஓட்டும் ஸ்டாண்டு நண்பர் ஒருவரிடம், ஏ.சி. போட்டு நாலு பேரை ஏற்றினால் ஒரு சார்ஜில் எத்தனை கி.மீ. வருகிறது என்று கேளுங்கள். கம்பெனி சொல்வதைவிட அவர் சொல்வது சரியாக இருக்கும். இப்போதைய வண்டிக் கடன் இன்னும் பாக்கி இருந்தால் அது முடியும் வரை பொறுங்கள். அதற்குள் சி.என்.ஜி. போட்டுக்கொள்வது கட்டுப்படியாகுமா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

மகனுக்கு ஒரு வேலை. அந்த ஏஜென்சிக்காரர் மறுபடி வரும்போது அவனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். 'எட்டு கிராம் எப்படிக் கனலும், கவசம் எத்தனை டன், வண்டி பழசானால் உலையை யார் திருப்பி எடுப்பார்கள்' என்று மூன்று கேள்வி அவனையே கேட்கச் சொல்லுங்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அவனுக்கு இயற்பியல் மேலே படிக்க ஆசை இருந்தால், எங்கே படிக்கலாம், எந்தத் தேர்வு எழுதலாம் என்று அவனுக்கே தனியாக ஒரு கடிதம் போடுகிறேன்.